கம்ப்ரஸர் அடிக்கடி எரிவது ஏன்?

பால், தயிர், குளிர்பானம், ஐஸ்கிரீம் விற்காத மளிகைக் கடை இன்று அரிது. தராசைப் போலவே பிரிட்ஜும் டீப் ஃப்ரீசரும் கடையின் கருவிகளாகிவிட்டன. கோடையில் ஃப்ரீசர் நின்றுவிட்டால் ரிப்பேர் செலவோடு உள்ளிருக்கும் சரக்கும் போகிறது. அதைவிட வேதனை, புது கம்ப்ரஸர் போட்டுச் சில மாதங்களில் அதுவும் எரிந்துபோவது. "பொருள் மட்டம்" என்று சொல்லி மூன்றாவதை வாங்குகிறோம். ஆனால் முதல் கம்ப்ரஸரை எரித்த காரணத்தை நீக்காவிட்டால், அதே காரணம் அடுத்ததையும் எரிக்கும் என்பதை வணிகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

கம்ப்ரஸர் என்பது மோட்டாரும் பம்பும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைக்கப்பட்ட கருவி. குளிர்ந்த காயிலிலிருந்து திரும்பி வரும் கேஸ்தான் அந்த மோட்டாரின் சூட்டையும் தணிக்கிறது. கேஸ் கசிந்து குறைந்தால் குளிர்ச்சி குறையும். மோட்டார் ஓய்வின்றி ஓடிச் சூடேறும். ஆகவே கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது வீண் செலவு.

1. மின்சாரம்

நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். கடைத்தெருவில் மாலை விளக்கு எரியும் நேரத்தில் இது இறங்குவதுண்டு. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கிளம்ப முடியாமல் உறுமும். அப்போது வழக்கத்தைப் போல் பல மடங்கு கரண்ட் இழுத்துக் காயில் கருகும். மெல்லிய ஒயரில் நீளமாக இழுத்த எக்ஸ்டென்ஷன் பலகையும் இதே கேட்டைச் செய்யும். தனி பிளக் பாயின்ட், தடித்த ஒயர், சரியான எர்த் அவசியம்.

கரண்ட் போய் உடனே திரும்பும்போது உள்ளே கேஸ் அழுத்தம் சமமாகியிருக்காது. குறைந்தது 3 நிமிடம் விட்டுத்தான் கம்ப்ரஸர் ஓட வேண்டும். எனவே டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசரையே கேட்டு வாங்குங்கள்.

2. தூசியும் காற்றோட்டமும்

உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுவது பின்புறத்து அல்லது அடிப்புறத்துக் கண்டென்சர் காயில். மளிகைக் கடையில் மாவுத் தூசியும் சாக்கு நாரும் அதில் கம்பளி போலப் படியும். சூடு வெளியேறாவிட்டால் அழுத்தம் ஏறும். பாரமெல்லாம் கம்ப்ரஸர் மேல் விழும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே அரை அடி இடைவெளி விடுங்கள். சில ஃப்ரீசர்களில் இந்தக் காயில் பக்கத் தகட்டுக்குள் இருக்கும். அதன்மேல் அரிசி மூட்டையைச் சாய்க்கக் கூடாது.

3. ரிப்பேர் செய்யும் முறை

எரிந்த கம்ப்ரஸரின் எண்ணெய் கறுத்து அமிலமாகிக் குழாய்களில் தங்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புதியதை இணைத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே மெக்கானிக்கிடம் இவற்றைக் கேளுங்கள்:

குழாய்களை நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்தாரா? ஃபில்டரைப் புதிதாக மாற்றினாரா? வேக்குவம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் முழுவதும் இழுத்தாரா? ஈரம் தங்கினால் கேபிலரிக் குழாயின் நுனியில் பனியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். பெட்டியின் பெயர்த் தகட்டில் எழுதியுள்ள அதே கேஸை, அதே எடைக்குத் தராசில் நிறுத்து விட்டாரா? ரிலேயையும், கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் மாற்றினாரா?

ஆர்-134ஏ கேஸுக்கு உரிய எண்ணெய் வேறு, பழைய ஆர்-12க்கு உரியது வேறு. ஆர்-600ஏ, ஆர்-290 இரண்டும் தீப்பற்றக் கூடியவை. பழகிய மெக்கானிக்கே தொட வேண்டும். மலிவு என்று சமையல் கேஸ் ஏற்ற எவரையும் அனுமதிக்காதீர்கள்.

4. உண்மையில் எரிந்ததா?

ரிலே கெட்டாலும் கம்ப்ரஸர் கிளம்பாது. சூடு ஆறிய பின் அதன் மூன்று முனைகளையும் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய இரண்டு அளவுகளைக் கூட்டினால் பெரிய அளவு வர வேண்டும். எந்த முனைக்கும் இரும்புக் கூட்டுக்கும் தொடர்பு காட்டக் கூடாது. இப்படி இருந்தால் மோட்டார் காயில் நன்றாக இருக்கிறது. முதலில் ரிலேயை மாற்றிப் பார்க்கலாம்.

கார், வேன் ஏ.சி.க்கும் இதே விதிதான். அங்கே கம்ப்ரஸர் உடைந்தால் இரும்புத் துகள் குழாயெங்கும் பரவும். மெல்லிய துளைகள் கொண்ட கண்டென்சரைக் கழுவிச் சுத்தம் செய்வது கடினம், மாற்றுவதே நலம். ட்ரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் உடன் மாற்றி, கண்டென்சர் ஃபேன் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குளிர்பான, ஐஸ்கிரீம் கம்பெனிகள் கொடுத்த பெட்டியானால் அவர்களுக்கே தகவல் கொடுங்கள்; வெளியாள் திறந்தால் பொறுப்பு நம் தலையில் விழக்கூடும். சொந்தப் பெட்டியானால் மாற்றிய தேதி, கேஸ் எடை, மாற்றிய உதிரிகள், கெட்டதற்கான காரணம் எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். காரணம் எழுதித் தர முடியாதவரிடம் புது கம்ப்ரஸருக்குப் பணம் கொடுக்குமுன் ஒருமுறை யோசியுங்கள்.