திரையில் பத்தி பிரித்த பட்டியல்

அங்கத்தினர் எண், பெயர், பங்குத் தொகை, கடன் நிலுவை என்று பேரேட்டில் பத்தி பிரித்து எழுதும் முறையைச் சங்க அங்கத்தினர் யாவரும் அறிவர். அதே கணக்கு இன்று பல அலுவலகங்களில் கணிப்பொறித் திரையிலும் பத்தி பத்தியாகத் தோன்றுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன; திரைப் பட்டியல் உள்ளே வேலை செய்யும் விதமோ வேறு. அவ்வேற்றுமையைக் கவனியாவிடில், தொண்ணூறு ரூபாய் பாக்கி வைத்தவர் பெருங் கடனாளியாகப் பட்டியலின் தலையில் நிற்க நேரிடும்.

இவ்வகைப் பட்டியலுக்கு லிஸ்ட் வியூ என்று பெயர். மைக்ரோஸாப்ட் கம்பெனி 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் 95 மூலமாக இது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. பெரிய படங்கள், சிறிய படங்கள், வெறும் பெயர்கள், விவரப் பத்திகள் என்று ஒரே பட்டியலை நான்கு விதமாகக் காட்ட அப்போதே அதனால் முடிந்தது. கணக்குக்கு வேண்டுவது நான்காவது விதமே.

சாதாரணப் பட்டியல் பெட்டி என்று இன்னொன்றும் உண்டு. அதில் ஒரு வரிக்கு ஒரே வாசகந்தான். புரோகிராம் எழுதப் புதிதாகக் கற்றவர் சிலர், பெயருக்கும் தொகைக்கும் நடுவே வெற்றிடங்களை இட்டு நிரப்பிப் பத்தி போலக் காட்ட முயல்வர். திரை எழுத்துக்கள் பெரும்பாலும் ஒரே அகலம் உடையவை அல்ல. தமிழில் ‘ர’வுக்கும் ‘ணை’க்கும் உள்ள வேற்றுமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் தொகைகள் முன்னும் பின்னுமாக விலகி நிற்கும்.

லிஸ்ட் வியூவில் முதலில் பத்திகளை அமைத்துத் தலைப்பிட வேண்டும். பத்தி அமைக்காமல் வரிகளை மட்டும் சேர்த்தால், விவரப் பார்வையில் ஒன்றுமே தோன்றாது. கணக்கு அழிந்துவிட்டதென்று அஞ்ச வேண்டா. முதற்பத்தியே வரியின் தலைமை உருப்படி. மற்றவை அதனோடு ஒட்டிய துணை உருப்படிகள். முதற்பத்தி எப்போதும் இடப்புறம் ஒட்டியே நிற்கும். மற்றவற்றை வலப்புறம் ஒட்டச் செய்யலாம். எனவே பெயரை முதலிலும், தொகையைப் பிந்திய பத்தியில் வலப்புறம் ஒட்டியும் வைப்பதே முறை.

பத்தியில் தெரிவது எதுவாயினும் லிஸ்ட் வியூவுக்கு அது எழுத்துத்தான், எண்ணன்று. மூவரின் நிலுவை 90, 450, 1200 ரூபாய் என்று கொள்வோம். தலைப்பைச் சொடுக்கியதும் அகராதி முறையில் ஒப்பிடும்படி புரோகிராம் எழுதப்பட்டிருந்தால், முதலில் நிற்கும் 9, 4, 1 என்பவையே பார்க்கப்படும். பெரிய தொகை முதலில் வேண்டுமென்று கேட்டால் 90 தலையில் நிற்கும்; 1200 அடியில் கிடக்கும். பட்டியலின் முதற் பத்துப் பேருக்கு நோட்டீஸ் அனுப்பும் அலுவலகமாயின், அந்த நோட்டீஸ் யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். தேதிகளுக்கும் இதே கதி: டிசம்பர் மாதத்து 01-12-2024 முன்னே வரும், ஜனவரி மாதத்து 02-01-2024 பின்னே போகும். எழுத்தை எண்ணாகவோ தேதியாகவோ கொண்டு ஒப்பிடும் பகுதியைப் புரோகிராம் எழுதுபவரே சேர்க்க வேண்டும். லிஸ்ட் வியூ தானாக அதைச் செய்யாது.

இதனினும் பெரிய ஆபத்து வரி எண்ணில் உள்ளது. வரிசை மாறியபின், மூன்றாவது வரியில் இருப்பவர் முன்பு அங்கே இருந்தவர் அல்லர். வரி எண்ணை நம்பிப் பதிவு செய்யும் புரோகிராம், ஒருவர் கட்டிய தவணையை மற்றொருவர் கணக்கில் வரவு வைத்துவிடும். இதைத் தவிர்க்கவென்றே ஒவ்வொரு வரியிலும் திரையில் தெரியாத ஓரிடம் உண்டு. அங்கத்தினர் எண்ணை அதில் வைத்தால், வரி எங்கே நகர்ந்தாலும் எண் உடன் நகரும். பதிவு அவ்வெண்ணைக் கொண்டே நடக்க வேண்டும். புரோகிராமுக்குப் பணம் கொடுக்குமுன் சங்கத்தார் நிலுவைத் தலைப்பைச் சொடுக்கி வரிசையை மாற்றி, ஏதேனும் ஒரு வரியைத் திறந்து, அதே அங்கத்தினரின் கணக்குத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

பத்தியின் அகலம் போதாவிடில், வாசகத்தின் இறுதி மறைந்து மூன்று புள்ளிகள் தோன்றும். ஒரே பெயரும் வேறு வேறு தந்தை பெயரும் உடைய இருவர் அப்போது ஒருவர்போலவே தெரிவர். தலைப்பின் வலப்புற எல்லைக் கோட்டின்மேல் இருமுறை சொடுக்கினால், பத்தி வேண்டிய அளவுக்கு விரிந்து முழுப் பெயரும் தெரியும்.