கியெல்பாசா

கியெல்பாசா என்பது போலந்து நாட்டில் உண்ணப்படும் தொத்திறைச்சி வகைகள் அனைத்தையும் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். கொத்திய இறைச்சியுடன் உப்பு, பூண்டு, மிளகு, வாசனை இலைகள் முதலியவற்றைக் கலந்து, விலங்கின் குடலினால் அல்லது செயற்கை உறையினால் ஆன குழலுக்குள் திணித்து இது செய்யப்படுகிறது. பெரும்பாலும் பன்றி இறைச்சியே பயன்படுகிறது. மாட்டிறைச்சி, வான்கோழி முதலியவற்றால் செய்யப்படுபவையும் உண்டு. போலிய மொழியில் இச்சொல்லின் ஒலிப்பு "கியெவ்பாசா" என்பதற்கு நெருக்கமானது. ஆங்கிலம் வழியாகப் பரவிய "கியெல்பாசா" என்னும் வடிவமே போலந்துக்கு வெளியே அறியப்பட்டுள்ளது.

வட அமெரிக்காவில் இப்பெயர் ஒரே ஒரு வகையை மட்டும் சுட்டுவதாகச் சுருங்கிவிட்டது. குதிரை லாடம் போல வளைந்த, புகையூட்டப்பட்ட, பூண்டு மணக்கும் தடித்த தொத்திறைச்சியே அங்கு கியெல்பாசா எனப்படுகிறது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சிகாகோ, டிட்ராய்ட், பஃபலோ போன்ற தொழில் நகரங்களில் குடியேறிய போலியர்கள் இதனை அங்கு பரப்பினர். விரைவாகச் சமைக்கலாம் என்பதால் வேலை நாட்களின் இரவு உணவாக இது அந்நாட்டில் நிலைபெற்றது.

பெயர்

உக்ரைனிய மொழியில் கொவ்பாசா, உருசிய மொழியில் கொல்பாசா, சிலோவாக்கிய மொழியில் குளோபாசா என இச்சொல் சிலாவிய மொழிகள் பலவற்றிலும் காணப்படுகிறது. துருக்கிய மொழிகளிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. எனினும் சொல்லாய்வாளர்களிடையே இதில் ஒருமித்த முடிவு இல்லை. அன்றாடப் பேச்சிலும் இச்சொல் வேரூன்றியுள்ளது. தேர்தலுக்கு முன் அரசியல்வாதிகள் அள்ளி வீசும் வாக்குறுதிகளைப் போலியர்கள் "தேர்தல் தொத்திறைச்சி" என்பர்.

வகைகள்

கிராக்கோவ் நகரின் பெயரால் வழங்கும் கிராகோவ்ஸ்கா, நாட்டுப்புற வகையான வியெய்ஸ்கா, வேட்டைக்காரர்களின் உணவெனப் பெயர் பெற்ற மிஷ்லிவ்ஸ்கா, விரல் பருமனில் மெல்லியதாக உலர்த்தப்படும் கபனோஸ் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. கிராக்கோவுக்கு அருகில் செய்யப்படும் லிசியெட்ஸ்கா என்னும் வகைக்கு 2010 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. கபனோசும் மிஷ்லிவ்ஸ்காவும் 2011 இல் மரபுவழிச் சிறப்பு உணவுகளாகப் பதிவு செய்யப்பட்டன.

சமைப்பவர் அறிய வேண்டிய பிரிவு ஒன்றே. கியெல்பாசா புகையூட்டி முன்பே வேகவைக்கப்பட்டதா, அல்லது பச்சையானதா என்பதே அது. "பியாவா" என்னும் வெள்ளைத் தொத்திறைச்சி பொதுவாகப் பச்சையாகவே விற்கப்படுகிறது. புகையூட்டாதது, மார்ஜோரம் மணம் மிகுந்தது. (மார்ஜோரம் நமக்குப் புதிய செடி அன்று. பூக்கடைகளில் கதம்பத்தில் சேர்த்துக் கட்டும் மருவே அது.) உயிர்த்த ஞாயிறன்று உண்ணப்படும் ஜூரெக் என்னும் புளித்த கம்புமாவுச் சாற்றில் இவ்வகை இடப்படுகிறது. இங்குக் கம்பு என்பது ரை என்னும் ஐரோப்பியத் தானியம். நம் நாட்டுக் கம்பு வேறு.

நிறத்தைக் கொண்டு வெந்ததா என்று முடிவு செய்வது தவறு. புகையூட்டப்பட்ட கியெல்பாசா நன்கு வெந்த பின்னும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். பதப்படுத்தச் சேர்க்கப்படும் நைட்ரைட்டு உப்பு, தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதத்துடன் வினைபுரிந்து, வெப்பத்தால் மாறாத சிவப்பு நிறத்தைத் தருவதே இதற்குக் காரணம். மாறாக, நைட்ரைட்டு சேராத பச்சைத் தொத்திறைச்சி உள்ளே முழுதும் வேகும் முன்பே வெளிறிப் போகக்கூடும். ஆகவே உறையின் மீதுள்ள குறிப்பைப் படிப்பதே சரியான வழி. சமைத்தே உண்ண வேண்டும் என்ற குறிப்பு இருந்தால் அது பச்சையானது. குறிப்பு ஏதும் இல்லாவிடில் பச்சை என்றே கொள்வது நலம்.

அடுப்பில் சமைக்கும் முறை

புகையூட்டப்பட்ட வகையைச் சூடாக்கிப் பொன்னிறமாக வறுத்தாலே போதும். மூன்று அல்லது நான்கு பேருக்குச் சுமார் 400 கிராம் தேவை. அதனை ஒரு சென்டிமீட்டர் தடிமனில் சற்றுச் சாய்வாக வெட்டினால் வறுபடும் பரப்பு கூடும். அடி தடித்த அகன்ற வாணலியில் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்பி, அரைக் குவளை நீர் ஊற்றி, மூடி, மிதமான தீயில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். பின் மூடியை எடுத்து நீர் வற்றும்வரை விட்டு, துண்டுகளைத் திருப்பி இருபுறமும் சிவக்க வறுக்க வேண்டும்.

இறைச்சியை வறுக்க நீர் எதற்கு என்று தோன்றலாம். நேரடியாகச் சூடான வாணலியில் இட்டால், உட்பகுதி சூடாகும் முன்பே வெளிப்புறம் கருகிவிடும். நீர் இருக்கும்வரை வாணலியின் வெப்பநிலை 100 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். அந்நேரத்தில் உட்பகுதி சூடேறி, கொழுப்பும் சிறிது உருகி வெளிவரும். நீர் வற்றிய பின் வெப்பநிலை உயர்கிறது. சுமார் 140 பாகைக்கு மேல் புரதங்களும் சர்க்கரைகளும் வினைபுரியும் மயார் வினை விரைவடைந்து, பொன்னிறமும் வறுத்த மணமும் தோன்றுகின்றன. வெளிவந்த கொழுப்பே வறுக்கப் போதுமானது. தனியாக எண்ணெய் வேண்டியதில்லை.

பச்சை வகையை இவ்வாறு சமைத்தல் ஆகாது. அதனை வெட்டாமல் முழுதாக நீரில் இட்டு, நீர் கொதிக்காமல் 80 முதல் 85 பாகை வரை இருக்குமாறு, தடிமனுக்கு ஏற்ப 20 முதல் 25 நிமிடம் வேகவைக்க வேண்டும். நீர் தளதளவெனக் கொதித்தால் உறை வெடித்துச் சாறு நீரில் கலந்துவிடும். முள்கரண்டியால் குத்துவதும் அவ்வாறே இழப்பைத் தரும். நடுப்பகுதியின் வெப்பநிலை 71 பாகை செல்சியசை எட்ட வேண்டும். வெப்பமானியை முனைப்பகுதி வழியாக நீளவாக்கில் செருகி இதனை அறியலாம். பிறகு வாணலியில் சிறிது வெண்ணெயிட்டு வறுக்கலாம். சால்மொனெல்லா போன்ற நுண்ணுயிர்களும், டிரிக்கினெல்லா என்னும் ஒட்டுண்ணிப் புழுவும் இவ்வெப்பத்தில் அழிகின்றன. உப்பிடுதலும் புகையூட்டலும் மட்டும் இப்புழுவை உறுதியாகக் கொல்வதில்லை.

உடன் சேர்ப்பவை

முட்டைக்கோசு, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய மூன்றும் வழக்கமான துணைகள். வறுத்த துண்டுகளை எடுத்துவிட்டு, அதே கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, நீளமாக அரிந்த முட்டைக்கோசைச் சேர்த்து மூடி வேகவிட வேண்டும். அடியில் ஒட்டிய பழுப்பு முட்டைக்கோசின் நீரில் கரைந்து சுவை கூட்டும். கேரவே என்னும் சீரகம் போன்ற விதை சிறிதும், இறுதியில் ஒரு கரண்டி வினிகரும் சேர்ப்பர். கியெல்பாசாவிலேயே உப்பு மிகுதி. ஆகையால் எல்லாம் கலந்து சுவை பார்த்த பின்னரே உப்பிட வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது. உருளைக்கிழங்கு வேக நீண்ட நேரம் பிடிப்பதால் அதனை முன்பே தனியாக வேகவைத்துக்கொள்வது எளிது. புளிக்கவைத்த முட்டைக்கோசைப் பயன்படுத்தினால் ஒருமுறை நீரில் அலசிப் பிழிந்து இடலாம். இதே பொருட்களைப் பலவகை இறைச்சியுடன் பல மணிநேரம் காய்ச்சினால் பிகோஸ் என்னும் போலந்துக் குழம்பு கிடைக்கும். ஆயினும் அது விரைவு உணவு அன்று.

வரலாற்றில்

பொதுவுடைமை ஆட்சிக்காலப் போலந்தில் தொத்திறைச்சி கிடைப்பதும் கிடைக்காததும் அரசியலாகவே இருந்தன. தலைநகர் வார்சாவில் இறைச்சி வணிகத்தில் நிகழ்ந்த முறைகேடு தொடர்பான வழக்கில், அரசு இறைச்சி வணிக நிறுவன இயக்குநர் ஒருவரான இசுடானிசுவாவ் வவ்ஷெட்ஸ்கி 1965 இல் தூக்கிலிடப்பட்டார். பொருளாதாரக் குற்றத்திற்கு உயிரைப் பறித்த அத்தீர்ப்பை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 2004 இல் போலந்தின் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1980 சூலையில் இறைச்சி விலை உயர்த்தப்பட்டபோது வேலைநிறுத்தங்கள் தொடங்கின. அவை ஆகத்தில் கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்திற்குப் பரவி, "சொலிடாரிட்டி" தொழிற்சங்கம் பிறக்க வழிவகுத்தன. 1981 முதல் 1989 வரை இறைச்சி பங்கீட்டு அட்டைக்கே வழங்கப்பட்டது. கொக்கிகள் மட்டும் தொங்கும் வெற்று இறைச்சிக்கடைகள் அக்கால நிழற்படங்களில் காணப்படுகின்றன.

புகையூட்டும் முறையும் பின்னர் விவாதத்திற்கு உள்ளானது. புகையிலுள்ள பென்சோபைரீன் என்னும் நச்சுப்பொருளுக்கான வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டெம்பரில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 2 ஆகக் குறைத்தது. மரபுவழிப் புகைக்கூடங்கள் மூடப்படும் என்ற எதிர்ப்பு எழுந்தபின், உள்நாட்டில் விற்பதற்குப் போலந்து உள்ளிட்ட சில நாடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

உடல்நலம்

உலக நலவாழ்வு அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015 இல் பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இடர் சுமார் 18 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் கணிப்பு. புகையிலையும் இதே தொகுதியில் உள்ளதால் இரண்டும் சம அளவு தீங்கானவை எனச் சிலர் எழுதுவது பிழை. அத்தொகுதி சான்றின் வலுவைக் குறிக்கிறதே அன்றித் தீங்கின் அளவை அன்று. மறுபுறம், நைட்ரைட்டு வீணாகச் சேர்க்கப்படுவதும் அன்று. உயிருக்கு ஊறு விளைக்கும் போட்டுலிசம் நோயின் பாக்டீரியாவை அது வளரவிடாமல் தடுக்கிறது. அந்நோயின் பெயரே தொத்திறைச்சியைக் குறிக்கும் "போட்டுலுஸ்" என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

கருவுற்ற பெண்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும், முன்பே வெந்த வகையைக்கூட லிஸ்டீரியா தொற்று கருதி ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ணுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். சமைத்து மிஞ்சியதை இரண்டு மணிநேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூன்று அல்லது நான்கு நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும்.