ஹெரால்டுக்கு ஏற்ற ரேடியோ

பெருங்குடியில் யார் வீட்டு ஷெட்டிலாவது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நின்றால், அது நம்ம ஊர் வண்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் உருவான கார். அதன் டாஷ்போர்டில் நீல விளக்கு மின்னும் புது ஸ்டீரியோவைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அந்தக் காலத்து மீடியம் வேவ் ரேடியோதான் அங்கே அழகு.

புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் தேடிப் பாருங்கள், பொறுமை வேண்டும். கிடைத்தவுடன் பேட்டரியில் இணைத்துவிடாதீர்கள். 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம் எர்த். அக்காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். நெகட்டிவ் எர்த்துக்கான டிரான்சிஸ்டர் செட்டை அதில் மாட்டினால் நொடியில் கருகிப் போகலாம். சில செட்டுகளில் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள வசதி உண்டு. வருஷக்கணக்கில் சும்மா கிடந்த செட் என்றால், உள்ளே எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். பழைய ரேடியோ தெரிந்த மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

துளையில் பொருந்தவில்லையா? டாஷ்போர்டை மட்டும் தயவுசெய்து அறுக்காதீர்கள். அதன் அடியில் பிராக்கெட் வைத்துத் தொங்கவிடலாம். அன்றைக்கும் பலர் அப்படித்தான் பொருத்தினார்கள்.

ஏரியலை மாட்டியதும், டயலில் 1400 பக்கம் மங்கலாக ஒலிக்கும் நிலையம் ஒன்றைப் பிடியுங்கள். பிறகு ஏரியல் டிரிம்மர் என்ற சின்னத் திருகை, சத்தம் உச்சத்துக்கு வரும்வரை மெல்லத் திருப்புங்கள்.