எம்.எஸ். நோயும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்: பழைய ஃபிலிமைத் தூக்கிப் போடாதீங்க!

ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது; கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. பல மாதம் கழித்து ஒரு கால் நாள்கணக்கில் மரத்துப் போகிறது. அதுவும் சரியாகிறது. "அதான் தானா சரியாயிடுச்சே, எதுக்கு டாக்டர்?" என்று விட்டுவிடாதீர்கள். இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற நரம்பு நோயின் தொடக்கமாக இருக்கலாம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்நோய் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

உடலில் என்ன நடக்கிறது?

மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்பு இழைகளுக்கும் மயலின் என்ற உறை உண்டு. நம் நோய் எதிர்ப்பு சக்தியே அந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். சேதமான இடங்கள் எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும்.

டாக்டர் எதைத் தேடுகிறார்?

இரண்டு விஷயங்கள்: இடம், காலம். மூளை, தண்டுவடம் எனப் பல இடங்களில் பாதிப்பு இருக்கிறதா? அது வெவ்வேறு சமயங்களில் வந்ததா? 2001-இல் உருவாகி, பலமுறை திருத்தப்பட்ட மெக்டொனால்டு வரையறையின் அடிப்படை இதுதான். கடோலினியம் மருந்தை ஊசி வழியே செலுத்தினால் புதிய திட்டுகள் மட்டும் பளிச்செனத் தெரியும். பழையதையும் புதியதையும் பிரித்தறிய இது உதவும். முந்தைய படத்தோடு ஒப்பிட்டாலும் இது புரியும். அதனால்தான் பழைய ஃபிலிம், சி.டி., ரிப்போர்ட் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

ரிப்போர்ட்டில் 'வெள்ளைத் திட்டு' என்று இருந்தாலே பயந்துடாதீங்க. வயது, ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி காரணமாகவும் அவை வரலாம். நரம்பியல் மருத்துவர் உங்களைப் பரிசோதித்த பிறகே முடிவு சொல்வார். சிலருக்கு முதுகுத் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் தேவைப்படும்.

ஸ்கேனுக்கு முன்

• பேஸ்மேக்கர், உடலுக்குள் உலோகக் கிளிப், கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.
• நகை, வாட்ச், செல்போனை வெளியே வையுங்கள்.
• சத்தம் பலமாக இருக்கும். ஆனால் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. அசையாமல் படுத்தால் போதும்.

உங்களுக்கான உதவிகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். எந்தெந்தச் செலவு அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் பட்டியலில் எம்.எஸ். நோயும் உள்ளது. பாதிப்பின் அளவைப் பொறுத்து மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

இழந்த நரம்பை மீட்பது கடினம். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால், அடுத்தடுத்த தாக்குதல்களைக் குறைக்க இன்று மருந்துகள் இருக்கின்றன.