பழைய மண்தோண்டும் யந்திரங்களைத் தேர்ந்தெடுத்தல்

முன்புறம் மண் அள்ளும் பக்கெட்டும் பின்புறம் தோண்டும் கையும் உடைய யந்திரத்தை நம் கிராமங்களில் 'ஜே. ஸி. பி.' என்றே வழங்குகிறார்கள். சிலர் 'பொக்லைன்' என்பார்கள். முன்னது ஓர் ஆங்கிலக் கம்பெனியின் பெயர். பின்னது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். எவர் செய்த யந்திரமாயினும் ஊரார் வாயில் பெயர் ஒன்றுதான். பேச்சளவில் இதனால் கெடுதியில்லை. நிலத்தையோ நகையையோ ஈடு வைத்துப் பழைய யந்திரம் வாங்கப் புறப்படும் மிராசுதாருக்கோ, இந்தப் பெயர் மயக்கம் பெருநஷ்டம் உண்டாக்கக் கூடும்.

ஜே. ஸி. பி. யந்திரங்கள் இந்தியாவில் 1979-ம் வருஷம் முதல் பல்லப்கட்டில் செய்யப்பட்டு வருகின்றன. கேஸ் யந்திரங்கள் பிதாம்பூரிலும், புல் யந்திரங்கள் நமது கோயமுத்தூரிலும் உற்பத்தியாகின்றன. டாட்டா ஹிட்டாச்சி, காடர்பில்லர், மஹீந்திரா முதலியவையும் சந்தையில் உண்டு. இவற்றுட் பெரும்பாலானவை 75 குதிரைச் சக்திக்கு அண்மையில் உள்ளவை; ஏறக்குறைய 15 அடி ஆழம் தோண்டுபவை. வாய்க்கால் தூர் வாரவும், மேடு சமன் செய்யவும், பண்ணைக் குட்டை வெட்டவும் எல்லாம் ஒன்றுபோலவே உதவும். ஆகையால் வேலைத்திறனை ஒப்பிட்டு நெடுநேரம் வாதாடுவது வீண் என்பது எமது அபிப்பிராயம்.

வித்தியாசம் யந்திரம் பழுதாகி நிற்கும் நாளில்தான் தெரியவரும். அசோக் லேலண்டும் ஜான் டீயரும் கூடிக் கும்மிடிப்பூண்டியில் இவ்வகை யந்திரங்களைச் செய்தன, அக்கூட்டு நீடிக்கவில்லை. டெரெக்ஸ் கம்பெனியின் இந்தியத் தொழிற்சாலை 2017-ம் வருஷம் மானிடூவின் கைக்கு மாறியது. இத்தகைய யந்திரங்கள் மலிவாகக் கிடைப்பது இயல்பே. மலிவு கண்டு மயங்காமல், முன்பணம் கொடுப்பதற்கு முன் அருகிலுள்ள பட்டணத்துச் சாமான் கடைக்குச் சென்று அதன் ஹைடிராலிக் ஸீல்களும் பில்டர்களும் கையிருப்பில் உண்டா என்று விசாரிக்க வேண்டும். வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னால், நடவுக்கு முந்திய வாரத்தில் யந்திரம் களத்தில் சும்மா நிற்பதை மனத்தில் எண்ணிக்கொள்ள வேண்டும்.

வருஷத்தையும் பார்க்க வேண்டும். 2021-ம் வருஷம் ஏப்ரல் முதல் புகைக் கட்டுப்பாட்டு விதி கடுமையாக்கப்பட்டதால், அதன்பின் வந்த எஞ்சின்களில் எண்ணெய் செலுத்துவது மின்னணு முறையாயிற்று. பழைய பம்பை ஊர் மெக்கானிக் கழற்றிச் செப்பனிடுவார். புதியதற்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வர வேண்டும்.

மணி காட்டும் மீட்டரை மட்டும் நம்பலாகாது. அதை மாற்றுவது எளிது. பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் சொற்ப மணி காட்டினால் ஸர்வீஸ் புத்தகத்தைக் கேட்க வேண்டும். பரீட்சை செய்யக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செல்வது உத்தமம். விற்பவர் முன்னரே அதை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். ஓடும் எஞ்சினில் எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை வேகமாகப் பீறிட்டு வருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தனவாகும். ஹைடிராலிக் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முன் பக்கெட்டில் மண் நிரப்பி உயர்த்தி, எஞ்சினை நிறுத்திக் கால் மணி நேரம் விலகி நின்று பார்க்க வேண்டும். பக்கெட் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் ஸீலோ வால்வோ கெட்டிருக்கிறது. அதன் கீழ் ஒருவரும் நிற்கலாகாது. பின்கையை இருபுறமும் திருப்பிச் சட்டென நிறுத்தினால், கை தொடங்கும் இடத்தில் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருப்பது ஆட்டத்தால் தெரியும். புதுப் பெயின்டின் கீழ்ப் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்று சட்டம் முழுவதும் விரலால் தடவிப் பார்ப்பது நலம்.

கடைசியாகப் பத்திரங்கள். சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35-ம், பெயர் மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30-ம் கையெழுத்தாகிக் கைக்கு வருமுன் முழுத்தொகை கொடுக்கலாகாது. மணல் திருட்டு வழக்கில் பிடிபட்ட யந்திரம் புதுப் பெயின்டுடன் சந்தைக்கு வருவதும் உண்டு. விற்பவரின் ஊர்க் கிராம நிர்வாக அதிகாரியிடமும் போலீஸ் ஸ்டேஷனிலும் விசாரிக்க ஒரு நாள் போதும். கேட்க வரும் விவசாயியை அவ்வூர் அதிகாரிகள் அலைக்கழிக்காமல், தமக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புதல் வேண்டும்.