உங்களுக்குத் தெரியுமா? இரண்டு நல்ல கிரீஸ் கலந்தால் கெட்ட கிரீஸ்!

தனித்தனியே தரமான இரண்டு கிரீஸ்கள் ஒரே பேரிங்கில் கலந்தால், இளகி வழிந்தோடிவிடக்கூடும்.

• கிரீஸ் என்பது உலோகச் சோப்பு போன்ற கெட்டிப்பொருள் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் எண்ணெயே என்பதால், லித்தியம் சோப்பு வகையோடு பெண்டோனைட் களிமண் வகை சேரும்போது அப்பிடிப்பு தளர்ந்துவிடுகிறது.

• நிறம் பெரும்பாலும் சாயமே. சிவப்போடு சிவப்பு ஒத்துப்போகும் என்பதற்கு உறுதியில்லை.

• சோடியம் சோப்பு கிரீஸ் நீர்பட்டால் கரைந்துபோகும்; 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை ஓயாது அரித்த உப்புக்காற்றே மண்டபம், இராமேசுவரம் கரைகளின் டிராக்டர்களையும் தாக்குவதால், உப்புநீரைத் தாங்கித் துருவையும் தடுக்கும் கால்சியம் சல்ஃபோனேட் வகை அங்கு ஏற்றது, ஆனால் பழைய கிரீஸை முழுதும் துடைத்தெடுத்த பின்னரே அதை இட வேண்டும்.