கத்தியின் பதம்

துருவேறா எஃகுக் கத்திகள் கடைதோறும் மலிந்து கிடக்கும் இந்நாளிலும், ஊரில் பாட்டியார் கையாண்ட அரிவாள்மணையின் கூர்மையை எண்ணி ஏங்குவோர் நம்மிடையே உண்டு. யானும் அவர்களுள் ஒருவன். பழைய அரம் ஒன்றை மும்பையின் சாலையோர உலைக்களத்தில் கொடுத்துக் கத்தியாக அடிக்கச் செய்தேன். கொல்லர் அதனைச் செஞ்சூட்டில் எண்ணெயில் தோய்த்துத் தந்தார். வேறோர் அரத்தை அதன்மேல் ஓட்டிப் பார்த்தேன், பற்றாமல் வழுக்கிற்று. அக்கடினத்தையே பெருஞ்சிறப்பாகக் கருதி, அன்று மாலையே பூசணிக்காயின்மேல் ஓங்கினேன். இரண்டாம் வெட்டில் முனை விரல் நீளத்துக்குக் கண்ணாடிபோல் ஒடிந்து தெறித்தது. அருகில் குழந்தைகள் இல்லாதது நற்பேறு. பிழை கொல்லருடையதன்று. தோய்ச்சலுக்குப் பின் செய்யவேண்டிய வேலையை வீட்டில் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டு, செய்யாமல் விட்டவன் யான்.

அவ்வேலைதான் பதங்கொடுத்தல். அரத்தின் எஃகில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலோ சற்று மிகுதியாகவோ கரி கலந்திருக்கும். ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸ் சூட்டில் அக்கரி இரும்பினுள் கரைந்து பரவுகிறது. சட்டென்று குளிர்விக்கும்போது கரியணுக்கள் வெளியேற நேரமின்றி இரும்பணுக்களின் இடையே சிக்கிக்கொள்கின்றன. இந்நெருக்கடியே கடினத்துக்குக் காரணம். நொறுங்குவதற்கும் அதுவே காரணம். மீண்டும் இளஞ்சூடு காட்டினால் கரியின் ஒரு பகுதி நுண்துகளாகப் பிரிந்து, உள்ளிருக்கும் விறைப்புத் தளர்கிறது. கடினம் சிறிது குறையும். உறுதி பெரிதும் வளரும்.

சூட்டின் அளவறிதல் நம் நாட்டுக் கொல்லர்க்குப் புதிதன்று. நொய்யற்கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பழங்கால இரும்புலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. ‘ஊட்ஸ்’ என்று மேனாட்டார் வழங்கிய தென்னாட்டு எஃகு, ‘உக்கு’ என்னும் சொல்லால் பெயர் பெற்றது என்பர். நம் ‘உருக்கு’ அதன் உறவு. கரி மிகுந்த அவ்வெஃகை ஐரோப்பியக் கொல்லர் பலர் மிகுசூட்டில் அடித்து நொறுக்கிவிட்டனர். அதனை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். 1820-இல் எஃகுக் கலவைகளைப் பற்றி அவரோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்ட ஜேம்ஸ் ஸ்டோடார்ட், லண்டனில் கத்தி செய்து பிழைத்தவர்.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். தோய்ச்சல் முடிந்த கத்தியை அன்றே பதப்படுத்தவேண்டும். நாட்கடத்தினால் தானாகவே வெடிப்புக் காணலாம். முதலில் உப்புத்தாளால் ஒரு பக்கத்தையேனும் வெள்ளிபோலத் துலக்குக. ரொட்டி சுடும் மின்னடுப்பு இருந்தால் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுமுறையும் அவ்வாறே செய்தல் போதும். அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை முழுதும் நம்பற்க; தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தல் நன்று.

மின்னடுப்பு இல்லாதோர்க்கு மணல் இருக்கிறது. கடலை வறுப்பவர் செய்வதுபோல் இரும்புச் சட்டியில் உலர்ந்த மணலைக் காய்ச்சி, துலக்கிய முகம் தெரியுமாறு கத்தியை அதன்மேல் கிடத்துக. சிறிது நேரத்தில் வெளிர்ந்த வைக்கோல் நிறம் படரும். அது ஏறக்குறைய 220 டிகிரி. பின்னர்ப் பழுப்பு, ஊதா, 300-ஐ நெருங்குங்கால் நீலம். மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் பல நிறங்காட்டுவது போன்றதே இது. ஈண்டு எஃகின்மேல் படரும் மெல்லிய துருப்படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. காய்கறிக் கத்திக்கு வைக்கோல் நிறமே உரியது. முதுகுப்புறம் பழுப்பேறினால் தீங்கில்லை, நன்மையே. அலகின் விளிம்பு நீலமாயிற்றேல் கூர் நில்லாது. மறுபடியும் உலைக்களத்துக்கே போகவேண்டும்.

பதம் பெற்ற கத்தியைப் பின்வரும் வேலைகளில் கெடுத்துக்கொள்வோரும் உளர். பிடியின் துளையில் அரக்குப் பொடியை இட்டுக் காம்பைக் காய்ச்சிச் செருகும்போது, அலகை ஈரத்துணியால் சுற்றிக்கொள்க. தெருவில் சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால், அடிக்கடி நீரில் தோய்க்குமாறு கேட்டுக்கொள்க. பொறி பறப்பது காண அழகே. ஆயின் மெல்லிய விளிம்பில் ஒரு நொடியில் நீலமேறிவிடும். யான் தட்டைக்கல்லில் நீர் விட்டு, பக்கத்துக்குப் பதினைந்து முதல் இருபது டிகிரிச் சாய்வில் கையாலேயே தீட்டுகிறேன். இறுதியில் தாராவித் தோற்கடைகளில் கிடைக்கும் துண்டுத்தோலின்மேல், கூர் பின்வருமாறு இழுத்தால் பிசிர் நீங்கும்.

மும்பையின் ஆனி, ஆடி மழையில் இவ்வகை இரும்பு ஓரிரவில் துருவேறும். கழுவியவுடன் துடைத்துத் தேங்காயெண்ணெய் ஒருதுளி தடவுக. மராத்தியர் ‘விளி’ என்றழைக்கும் இரும்பு அரிவாள்மணைக்கும் இது பொருந்தும். நாளடைவில் படியும் சாம்பல் நிறத்தைத் தேய்த்துப் போக்கவேண்டா. அது துருவைத் தடுக்கும் காப்பு. மாட்டுங்காச் சந்தையில் வாங்கிய வாழைப்பூவை முதன்முதல் அரியும்போது மட்டும் அலகும் பூவும் கறுக்கும். பூவின் துவர்ப்பு இரும்போடு கூடி மையாவதே அக்கறுப்பு. அரிந்ததை மோர்நீரில் இட்டுவிட்டு, அலகை உடனே துடைத்துவிடுக.